பச்சை முகத்துக்கு வாரச் சம்பளம்

'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் மகளுக்கு ஆறு வயது. பச்சை முகமும் கொக்கி மூக்குமாக மேற்கின் சூனியக்காரி திரையில் வந்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அந்தப் பாட்டி போயாச்சாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டாள். எனக்கும் அவள் பாட்டியாகத்தான் தெரிந்தாள். சில வருடங்கள் கழித்து அந்த நடிகையைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 1938 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியபோது மார்கரெட் ஹாமில்டனுக்கு வயது 35. மகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் அதைத் தாண்டியிருந்தேன்.

இதைவிட என்னைத் துணுக்குற வைத்தது இன்னொரு வயது. அதே படத்தில் இளஞ்சிவப்பு கவுனும் கிரீடமுமாகக் குமிழிக்குள் மிதந்து வரும் நல்ல சூனியக்காரி கிளிண்டாவாக நடித்த பில்லி பர்க்குக்கு அப்போது 54. கிழவியைவிட அழகி 18 வயது மூத்தவர்! கெட்ட சூனியக்காரிகள்தான் அவலட்சணமாக இருப்பார்கள் என்று கிளிண்டாவே சின்னப் பெண் டாரத்தியிடம் சொல்கிறாள். ஒருத்தியின் குணத்தை மூக்கை வைத்து முடிவு செய்வதில் படத்துக்கு எந்தக் கூச்சமும் இல்லை. (பள்ளி நாடகத்தில் எனக்குக் கிடைத்தது கூனி வேடம். ஏன் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.)

இந்தக் கதையை 1900இல் எழுதிய எல். ஃபிராங்க் பாமின் மாமியார் மெட்டில்டா ஜாஸ்லின் கேஜ், அமெரிக்கப் பெண் வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர். சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் அந்தக் காலத்தின் அறிவார்ந்த பெண்கள் என்று 1893இலேயே புத்தகத்தில் எழுதியவர். மருமகனைக் கதைகள் எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவர்தான். பாமின் புத்தகத்தில் நல்ல சூனியக்காரிகளில் ஒருத்தி வயதான கிழவி. ஹாலிவுட்டுக்கு வந்ததும் அந்தக் கிழவி காணாமல் போனாள்.

மார்கரெட் ஹாமில்டன் 1902இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே நடிப்பு ஆசை. சோற்றுக்கு வழியாக ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்று வீட்டில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாஸ்டனில் படித்து மழலையர் பள்ளி ஆசிரியையானார். குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக நடுங்க வைத்த பெண், குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சம்பாதித்தவர். 1932இல் பிராட்வே மேடை ஏறினார். மறு வருடம் அதே நாடகம் படமானபோது ஹாலிவுட் அவரை அழைத்தது. அங்கே அந்த முகத்துக்கு வாய்த்தவை, புறம் பேசும் அண்டை வீட்டுக்காரி, கல்யாணமாகாத அத்தை, சிடுசிடுத்த வீட்டுப் பணிப்பெண். அதற்குப் பெயர் குணச்சித்திர வேடம். கதாநாயகியாக்க முடியாத பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் என்றும் அதைச் சொல்லலாம்.

1938இல் அவருக்கு விவாகரத்தானது. கையில் சின்ன மகன். வாழ்க்கையின் கணக்கை அவர் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஸ்டூடியோக்கள் நடிகர்களை ஏழாண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருந்த காலம் அது. அவர் எந்த ஸ்டூடியோவோடும் அப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. வாரத்துக்கு 1,000 டாலர் என்று தன் விலையைத் தானே நிர்ணயித்தார். அதற்கு மேல் கேட்டால் வேலை குறையும் என்று அவருக்குத் தெரியும். சூனியக்காரி வேடத்துக்கு எம்.ஜி.எம். ஸ்டூடியோ அழைத்தபோதும் இழுபறி நடந்தது எத்தனை டாலர் என்பதில் இல்லை, எத்தனை வாரம் என்பதில். குறைந்தபட்சம் இத்தனை வாரச் சம்பளம் உறுதி என்று எழுதித் தர வேண்டும் என்றார். படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்புதான் ஐந்து வாரத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம், வீட்டு வாடகை, அடுத்த படம் வரும் வரைக்குமான செலவு என்று மனக்கணக்குப் போடும் எந்தத் தாய்க்கும் அந்த 'எத்தனை வாரம்' புரியும்.

அந்த வேடம் முதலில் கேல் சாண்டர்கார்டுக்குப் போனது. துணை நடிகைக்கான முதல் ஆஸ்கர் விருதை வாங்கியவர். கவர்ச்சியான சூனியக்காரி என்று சொல்லித்தான் அழைத்தார்கள். பிறகு திட்டம் மாறி, அவலட்சணமாக மேக்கப் போட்டுச் சோதித்ததும் அவர் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அழகை நம்பி வேலை பார்ப்பவள் அதைப் பணயம் வைக்க யோசிப்பாள். ஹாமில்டனிடம் பணயம் வைக்க அப்படி ஒன்று இல்லை என்று ஸ்டூடியோ முன்பே தீர்மானித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையை நேசித்தவர் என்பதால், வேடம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

1938 டிசம்பர் 23. மஞ்ச்கின்கள் வாழும் ஊரிலிருந்து சூனியக்காரி புகையும் நெருப்புமாக மறையும் காட்சி. மேடைத் தளத்தில் ஒரு திறப்பு. அதில் அவர் கீழே இறங்கிய பிறகுதான் நெருப்பு எழ வேண்டும். ஒருமுறை சரியாக வந்தது. மறுபடி எடுத்தபோது அவர் முழுக்க இறங்கும் முன்பே நெருப்பு எழுந்துவிட்டது. தொப்பியும் துடைப்பமும் பற்றிக்கொண்டன. முகமும் வலது கையும் வெந்தன. அவர் முகத்தில் பூசியிருந்த பச்சை மேக்கப் தாமிரம் கலந்தது. வெந்த தோல் வழியாக அது உடம்புக்குள் போனால் ஆபத்து. ஆகவே மருந்து போடும் முன், ஆல்கஹாலைத் தொட்டு அந்தப் புண்ணின் மேலேயே துடைத்து எடுத்தார்கள். இந்த வரியை எழுதும்போது என் கையே கூசுகிறது.

ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வழக்குப் போடவில்லை. போட்டால் அந்த ஊரில் மறுபடி வேலை கிடைக்காது என்று தெரிந்து எடுத்த முடிவு அது. பெருந்தன்மை என்று இதைப் பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இனி நெருப்போடு வேலை இல்லை. புகை கக்கும் துடைப்பத்தில் அமர்ந்து வானத்தில் எழுதும் காட்சிக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். டூப்பாக பெட்டி டாங்கோ என்ற பெண்ணை ஏற்றினார்கள். புகைக்குழாய் வெடித்தது. காலில் பலத்த காயத்தோடு டாங்கோ மருத்துவமனைக்குப் போனார். மறுக்கும் இடத்தில் ஹாமில்டன் இருந்தார். டாங்கோ இல்லை. படத்தின் வரலாற்றைச் சுவையாகச் சொல்பவர்கள் இந்தப் பெயரை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஐந்து வாரம் என்று தொடங்கியது நான்கு மாதங்களுக்கு மேல் இழுத்தது. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று அவருடைய காட்சிகளில் பலவற்றை வெட்டினார்கள். மிஞ்சியது சுமார் 12 நிமிடம். அந்த 12 நிமிடத்தை நம்பி அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2003இல் தயாரித்த வில்லன்கள் பட்டியலில் அவர் நான்காம் இடம், பெண்களில் முதலிடம்.

1956இல் படம் தொலைக்காட்சிக்கு வந்தது. 1959 முதல் வருடா வருடம் போட்டார்கள். உலகம் அவரை அறிந்தது திரையரங்கில் அல்ல, வீட்டுக் கூடத்தில்தான். அதற்கு அவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை. 1960இல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து மறுஒளிபரப்புப் பங்கை வாங்கியது. ஆனால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்களுக்கு மட்டும். பழையவர்கள் வெளியே நின்றார்கள். ஆகவே அவர் தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருந்தார். படங்கள், மேடை, 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மார்டிஷாவின் அம்மா, எழுபதுகளில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி விளம்பரத்தில் கடைக்காரம்மா கோரா. நடுவில் 1948 முதல் 1951 வரை பெவர்லி ஹில்ஸ் கல்விக் குழுவிலும் இருந்தார். உள்ளுக்குள் இருந்த டீச்சர் ஓயவில்லை.

குழந்தைகள் தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவருக்குக் கடைசி வரை உறுத்தலாக இருந்தது. 1976இல் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் சூனியக்காரியாக வந்தபோது பெற்றோரிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பகுதியை அவர்கள் மறுபடி ஒளிபரப்பவே இல்லை. அதற்கு முந்தைய வருடம் 'மிஸ்டர் ராஜர்ஸ்' நிகழ்ச்சிக்கு வந்தது வேறு விதம். சாதாரண உடையில், எழுபதைத் தாண்டிய பெண்ணாக உட்கார்ந்தார். சூனியக்காரிக்கும் தன் விருப்பங்கள் நிறைவேறாத துக்கம் இருக்கிறது என்று விளக்கினார். பிறகு கறுப்புப் பாவாடை, மேலங்கி, தொப்பி என்று ஒவ்வொன்றாகக் குழந்தைகளின் கண் முன்பே போட்டுக் காட்டினார். பச்சை மேக்கப் இல்லை.

மகளுக்கு இப்போது 15. போன மாதம் அந்தப் பகுதியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முடியும் வரை பேசாமல் பார்த்தாள். "இவங்களுக்கு நெருப்புப் பட்டது எந்தக் கைம்மா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கை தெரியும் இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டினாள்.