கதவு கடகடத்தால் காது கொடுங்கள்

போன மாதம் என் பழைய காரின் இடது பின்கதவு கடகடக்க ஆரம்பித்தது. வண்டியின் பெயர் வேண்டாம். வயதானால் எந்த வண்டிக்கும் வருகிற வியாதிதான். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி போய்த் திரும்புவதற்குள் என் மனைவி நாலு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். பேத்தி அந்தக் கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வண்டிய ஓரங்கட்டுங்க. குழந்தைய இந்தப் பக்கம் மாத்திடறேன்" என்றாள். நான் ஒன்றும் பேசாமல் நிறுத்தினேன். அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும்.

1983. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். திருத்தணியில் சாமி பார்த்துவிட்டு ஒரு வாடகைக் காரில் ஏழு பேர் அடைந்து வந்துகொண்டிருந்தோம். பின்கதவு வழி நெடுகச் சத்தம் போட்டது. டிரைவரிடம் சொன்னேன். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார் பாடும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தக் காலத்துக் கார்களில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்ற நகைச்சுவை எல்லோருக்கும் தெரிந்ததுதானே! சோளிங்கர் ரோட்டில் வலது பக்கம் ஒரு வளைவு. எல்லோரும் இடது பக்கம் சரிந்தோம். கதவு திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த என் ஆறு வயது மகளின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. என் மனைவி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பாவாடை கிழிந்தது, குழந்தை பிழைத்தது. மீதித் தூரத்துக்கு டிரைவர் அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கார்க் கதவைப் பற்றி எதைப் படித்தாலும் நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டிய குமாஸ்தா புத்தி, வேறென்ன! அந்த நோட்டிலிருந்து சில விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் வீட்டுக் கதவுக்கு 'போர்த்' என்று பெயர், வண்டிக் கதவுக்கு 'போர்த்தியேர்'. மாற்றி எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் அடிப்பார். ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது புரிகிறது. வீட்டுக் கதவு நின்ற இடத்தில் நிற்கிறது. வண்டிக் கதவோ குலுக்கலையும் காற்றையும் உள்ளே இருப்பவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

முதலில் கார்க் கதவு செய்தவர்கள் குதிரை வண்டி கட்டியவர்களே. சென்னை சிம்சன் கம்பெனியும் 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியதுதான். மரச்சட்டம் அடித்து அதன்மேல் தகடு போர்த்துவார்கள். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சுருங்கினால் கதவு ஆடும். முழுவதும் எஃகாலான உடலை அமெரிக்காவில் பட் என்பவர் வளர்த்தெடுத்தார். அந்த முறையை சித்ரோயன் வாங்கி, 1924 பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பாவுக்கு முதல் முழு எஃகுக் காரைக் காட்டினார். மரத்தின் ஆட்டம் அதோடு ஒழிந்தது. ஆனால் கீலும் பூட்டும் தேய்வது ஒழியவில்லை.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். பழைய கார்கள் பலவற்றில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். ஏறி இறங்கச் சௌகரியம். ஆனால் ஓட்டத்தில் பூட்டு நழுவினால் எதிர்க்காற்று கதவை அப்படியே பிடுங்கித் திறந்துவிடும். நம் ஊரில் ஓடிய ஆரம்ப கால பியட் 1100 அப்படிப்பட்டதுதான். 1964-ல் வந்த 'டிலைட்' மாடலில்தான் கீல் முன்பக்கத்துக்கு மாறியது. பிரான்சில் ஏழைகளின் கார் என்று பெயர் வாங்கிய சித்ரோயன் 2சிவி-யிலும் அதே 1964-ன் முடிவில்தான் கதவைத் திருப்பி வைத்தார்கள்.

பூட்டின் கதை இன்னும் முக்கியமானது. 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டிஹேவன் என்பவரின் குழு விபத்துகளை ஆராய்ந்தது. கதவு திறந்து வெளியே தூக்கி எறியப்பட்டவர்களே உள்ளே இருந்தவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள் என்று கண்டார்கள். 1956 மாடல் கார்களில் அங்கே வலுவான பூட்டு வந்தது. 1968 ஜனவரி 1 முதல் கதவுப் பூட்டுக்கும் கீலுக்கும் சட்டப்படியே தரம் விதித்தார்கள்.

நம் நாட்டில் அப்போது என்ன நிலைமை? அம்பாசடர், பியட், நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு என்று மூன்றே வகைக் கார்கள். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைக்கு வந்ததும் குறை சொல்ல மனசு வராது. சொன்னால்தான் வேறு எங்கே போவது? புகார்கள் பெருகி, 1967-ல் கார்களின் தரத்தை விசாரிக்க மத்திய அரசே ஒரு குழு போட வேண்டியிருந்தது. கார் விலைத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் தீர்ப்பானது. வேறு வழியில்லாத இடத்தில் சத்தத்தைக் கேலி செய்து பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கத்தில்தான் 1983-ல் நானும் சிரித்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஊர்ப் பட்டறையிலும் திறந்து சரிசெய்யக்கூடிய வண்டிகள் அவை. சுத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருந்த டிங்கர்கள் ஒரு தலைமுறைக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். போன மாதம் என் கதவைச் சரிசெய்ததும் அவர்களிடம் பார்த்துக் கற்றதை வைத்துத்தான். முறை இது:

முதலில் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். பாதி இறக்கியபோது மட்டும் சத்தம் வந்தால் கண்ணாடி ஓடும் பள்ளத்தின் பட்டை தேய்ந்திருக்கிறது. அதில் ஆபத்தில்லை. அடுத்து கதவைத் திறந்து, பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். தூக்கினால் ஏறுகிறது என்றால் கீலின் முளை தேய்ந்திருக்கிறது. கீலைச் சரிசெய்யாமல் பூட்டைத் தொடக்கூடாது. பிறகு ஒரு தாள் துண்டைக் கதவுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்தால் ரப்பர் செத்துவிட்டது, அல்லது கதவு முழுசாக உள்ளே போகவில்லை.

கடைசியாகப் பூட்டு. மூடும்போது இரண்டு 'கிளிக்' கேட்க வேண்டும். முதலாவது பாதிப் பிடி, இரண்டாவது முழுப் பிடி. ஒன்றோடு நின்றால் கதவு மூடியது மாதிரி இருக்கும், ஆனால் மூடவில்லை. அன்று எங்கள் வாடகைக் காரின் கதவும் பாதிப் பிடியில்தான் வந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தூணில் இருக்கும் கொண்டி தளர்ந்தோ தேய்ந்தோ போனால் இப்படி ஆகும். அது இருக்கும் இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு மயிரிழை உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். தேய்ந்திருந்தால் புதியது போட்டுவிட வேண்டும்.

என் வண்டியில் கீல் நன்றாக இருந்தது. கொண்டியின் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்திருந்தது. அரை மணி நேர வேலை.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. அந்தப் பெயரை 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியவர்கள் பிரான்சின் பெஜோ கம்பெனியார். கேள்விப்பட்டு என் பிரெஞ்சு வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேத்தியை அதே இடத்தில் உட்கார வைத்தோம். மனைவி கதவைத் தானே மூடினாள். இரண்டு கிளிக் கேட்டது. வெளியிலிருந்து ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். பிறகுதான் "போலாங்க" என்றாள். 1983-லிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் அவள் அப்படித்தான் செய்கிறாள். நீங்களும் செய்யுங்கள்.