'நூறாவது நாள்' படத்துக்கு ஒரு நல்ல பிரிண்ட் வேணும்

திருப்பூர் நல்லூர்ல இருந்து பேசறேன். இன்னிக்கு ஒரு இத்தாலிப் படமும் அதுல இருந்து பிறந்த ஒரு தமிழ்ப் படமும்.

1984-ல மணிவண்ணன் இயக்கத்துல 'நூறாவது நாள்' வந்துச்சு. விஜயகாந்த், மோகன், நளினி. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமா சத்யராஜ். கொலை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியற ஒரு பொண்ணு, சுவருக்குள்ள ஒரு பிணம். இதோட மூலம், 1977-ல லூசியோ புல்ச்சி எடுத்த 'செத்தே நோத்தே இன் நேரோ'. நம்ம பக்கத்து சூலூர்க்காரர் அதைத் தமிழாக்கி, 1991-ல அது '100 டேஸ்'னு இந்திக்கும் போச்சு.

இந்த வகைப் படங்களுக்கு இத்தாலியில 'ஜாலோ'ன்னு பேரு. மஞ்சள்னு அர்த்தம். 1929-ல மொண்டடோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில துப்பறியும் நாவல்கள் போட ஆரம்பிச்சதால வந்த பேரு. பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குன ராஜேஷ்குமார் நாவல்களை நினைச்சுக்கோங்க, அதே குடும்பம்தான்.

என்கிட்ட ஜாலோ டிஸ்க்குகள் ஒரு அலமாரி இருக்கு. ப்ளூரே வாங்கறவங்க ஒண்ணு கவனிக்கணும்: அமெரிக்க டிஸ்க் ரீஜன் ஏ, இந்தியா ரீஜன் சி. சாதாரண பிளேயர்ல ஓடாமப் போகலாம். 4கே டிஸ்க்குல அந்தப் பூட்டு இல்லை. ஆரோ, செவரின் மாதிரி சின்ன கம்பெனிகள் ஒரிஜினல் நெகட்டிவைத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு ஃபிரேமா ஸ்கேன் பண்ணி, கீறல் நீக்கி, நிறம் சரிபண்ணி வெளியிடறாங்க. பழைய கேசட்ல பழுப்பா தெரிஞ்ச ரத்தம் இதுல சிவப்பா இருக்கு. புல்ச்சி படமும் இப்படி ப்ளூரேல கிடைக்குது.

'நூறாவது நாள்'? என்கிட்ட இருக்கறது டிவியில ஓடினப்ப பதிஞ்ச காப்பி. மூலையில சேனல் லோகோ, இருட்டுக் காட்சியில முகமே தெரியாது. பயமுறுத்தற படத்துல இருட்டு தெளிவா இருக்கணுங்க, இல்லைனா பயம் எங்க வரும்?

இங்கே ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. 2012-ல 'கர்ணன்' டிஜிட்டல்ல புதுப்பிச்சு வந்தப்ப தியேட்டர் நிறைஞ்சது. ஆனா அது சிவாஜி, அது புராணம். 80-கள் த்ரில்லருக்கு யார் செலவு பண்ணுவாங்க? நெகட்டிவ் உரிமை ஒருத்தர்கிட்ட, சாட்டிலைட் உரிமை இன்னொருத்தர்கிட்டன்னு பிரிஞ்சு கிடக்கும். அதுக்குள்ள அசிடேட் ஃபிலிம் நம்ம ஊர் வெக்கையில வினிகர் வாசம் அடிச்சு, சுருங்கி, நெளிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் ஸ்கேன் பண்ணவும் வழியில்லை.

அதனால ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரண்ல 80-கள் வீடியோ கேசட் கிடந்தா பழைய சாமான் கடைக்குப் போடாதீங்க. நெகட்டிவ்ல ஒலி கெட்டுப்போன இடத்தை ஒட்டுப்போட சில சமயம் அந்த கேசட்தான் மிச்சம்.