தந்தை சொன்ன சப்பாத்து

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். இத்தொகையை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அதனை முழுமையாக உள்வாங்குவதில்லை. கெர்டா வைஸ்மன் கிளைனின் சுயசரிதையைப் படித்த பின்னரே அதன் ஒரு துளியை உணர்ந்தேன்.

1924 இல் போலந்தின் பீலிட்ஸ் நகரில் பிறந்தவர் கெர்டா. 1939 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் நகரைக் கைப்பற்றின. அண்ணன் பிரிந்தார், குடும்பம் சொந்த வீட்டின் நிலவறைக்கே தள்ளப்பட்டது. 1942 ஜூனில் தந்தையை முதலில் கொண்டுசென்றனர். கோடை வெயிலிலும் பனிச்சறுக்குச் சப்பாத்துகளையே அணிந்துகொள் என்று மகளிடம் அவர் வற்புறுத்தினார். அடுத்துத் தாயும் பிரிக்கப்பட்டார். அண்ணனையும் பெற்றோரையும் அவர் மீண்டும் காணவேயில்லை.

நெசவாலைகளில் அடிமை வேலை. போல்கன்ஹைன், மார்ஸ்டோர்ஃப், லாண்டஸ்ஹுட், குருன்பேர்க் என முகாமுக்கு முகாம் மாற்றம். பால்ய சிநேகிதி இல்சே ஒருநாள் வழியில் கண்டெடுத்த ஒரேயொரு ராஸ்பெரிப் பழத்தை நாள் முழுவதும் பையில் பாதுகாத்து, அன்றிரவு ஓர் இலையில் வைத்து இவருக்கு நீட்டினாள். நூலில் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இதுதான். தன்னிடமுள்ள அனைத்தையும் தோழிக்குக் கொடுத்துவிடும் மனத்தை எந்த முகாமாலும் பறிக்க முடியவில்லை.

1945 ஜனவரியில், உறைபனியில் மரண நடை தொடங்கியது. மூன்று மாதங்களுக்கு மேலாக, ஏறக்குறைய 550 கிலோமீற்றர். பலர் வெறுங்காலுடன் நடந்து வழியிலேயே மடிந்தனர். தந்தை சொன்ன சப்பாத்துகள் கெர்டாவைக் காத்தன. இல்சேயோ விடுதலைக்குச் சில நாட்கள் முன்னர் உயிர்நீத்தாள்.

மே மாதம், செக் நாட்டின் வோலரியில் அமெரிக்கப் படையினர் கெர்டாவைக் கண்டபோது எடை 68 இறாத்தல், தலை நரைத்திருந்தது. மறுநாள்தான் 21 ஆவது பிறந்தநாள். வந்த அதிகாரி கேர்ட் கிளைன் இவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். ஆண்டுக்கணக்கில் மனிதராகவே நடத்தப்படாத பெண்ணுக்கு அந்தச் சிறு மரியாதையே விடுதலையாயிற்று. அவரும் ஒரு யூதர். பெற்றோரை நாசிகளிடம் பறிகொடுத்தவர். 1946 இல் இருவரும் மணந்தனர்.

தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதி, 1957 இல் இந்நூலை அவர் வெளியிட்டார். அதனைத் தழுவிய குறும்படம் 1996 இல் ஒஸ்கார் விருது பெற்றது. 2022 இல் கெர்டா காலமானார். இல்சேக்குக் கல்லறை உண்டோ இல்லையோ, தோழியின் எழுத்தில் அவள் இருக்கிறாள்.