புளியமரத்துக் குழாயும் பந்தல் பாக்ஸும்

ஆடி பொறந்துட்டா எங்க தியாகதுருகம் பக்கம் கூழ் ஊத்துற ஊருக்கு வழி கேட்கவே வேண்டாம். மாரியம்மன் பாட்டு வர்ற திசையில் வண்டியை விட்டால் போதும்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ ரேடியோ செட்டுக்காரர் சைக்கிளில் வருவார். பின்னாடி கேரியரில் ஆம்ப்ளிபயர், ஹேண்டில்பாரில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர். அந்தக் குழாயைத் தூக்கிட்டு நடக்க எங்களுக்குள்ள சண்டையே நடக்கும். கோயில் புளியமரத்தில் ஏறி உச்சிக் கிளையில் நார்க்கயிறு போட்டுக் கட்டுவார். நாலஞ்சு கிலோதான் இருக்கும். நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது.

உசரத்தில் கட்டுற பழக்கம் இந்தக் கருவியோடயே பொறந்தது. 1915இல் அமெரிக்காவில் ஜென்சன், பிரிதாம்னு ரெண்டு பேர் குழாய் ஒலிபெருக்கியைச் செய்து, தங்கள் வீட்டுக் கூரை மேல் வைத்துத்தான் சோதித்தார்கள். 1919இல் அதிபர் வில்சன் சான் டியேகோவில் பெருங்கூட்டத்தில் பேசியது அவர்கள் கருவியில்தான். தரையில் வைத்தால் முன்வரிசை ஆட்களே சத்தத்தைக் குடிச்சிடுவாங்க. மேலே கட்டினால் தலைக்கு மேல போய்ப் பின்வரிசை வரை சேரும். நம்ம நாட்டில் மும்பை சிகாகோ ரேடியோ கம்பெனி காங்கிரஸ் கூட்டங்களுக்கு மைக் கட்டியது. பிறகு அகுஜா வந்து ஊர் ஊராகப் பரவியது. தொண்டை கிழியப் பாடி விடிய விடியத் தெருக்கூத்து ஆடினவங்களுக்கும் மேடை நடுவில் கம்பியில் ஒரு மைக் தொங்க ஆரம்பிச்சுது.

2000ஆம் வருஷம் மத்திய அரசு சத்தத்துக்கு விதி கொண்டு வந்தது. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கூம்புக் குழாய்க்கும் தடை வந்து, அந்த இடத்தில் பாக்ஸ் வந்தது. சத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். கட்டுற கயிறைப் பற்றி யாரும் பேசலை.

போன வருஷம் எங்க ஊர்த் திருவிழாவில் அதுதான் வினையாச்சு. செட்டுக்காரர் பேர் வேண்டாம், நல்ல மனுஷன். முப்பது கிலோ பாக்ஸைப் பந்தல் சவுக்குக் கம்பில் நைலான் கயிறால் தொங்கவிட்டிருந்தார். ராத்திரி சாமி ஊர்வலம் போயிருந்த நேரம், பந்தலில் டமார்னு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பாக்ஸ் கீழே கிடக்குது. சாயங்காலம் அதே இடத்தில்தான் பிள்ளைங்க வரிசையா உட்கார்ந்து கூழ் குடிச்சாங்க. எம் பேத்தியும் அதில் ஒருத்தி.

அறுந்த கயிறைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து, தேய்ச்சா தூளாக் கொட்டுது. "அண்ணே, பத்து வருஷமா இதே கயிறுதான்"னார் அவர். "தம்பி, கயிறு அதேதான். எடை அதே இல்லையே"ன்னேன்.

கிணறு வெட்டுற கிரேன்காரங்களைப் பாருங்க. ரோப்பில் ஒரு இழை பிரிஞ்சாலும் வேலையை நிறுத்திடுவாங்க. பக்கெட் மேல ஏறும்போது கீழ இருக்கிறவன் ஒதுங்கி நிப்பான். அந்தப் பயம் பந்தலில் நமக்கு இல்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு பாதி பலம் வரை இழக்கும். ரெண்டு பக்கமும் கயிறை அகட்டிக் கட்டினால் எடை பாதிப் பாதியாப் பிரியும்னு நினைக்கிறோம். 120 டிகிரி அகட்டினால் ஒவ்வொரு கயிறும் முழு எடையையும் தாங்கணும்.

2020 பிப்ரவரி 19 ராத்திரி, சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் விளக்குகளைத் தூக்கி நின்ற கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினோரு உயிர் போச்சு. மேலே ஒண்ணைக் கொண்டு போகும்போது அதைத் தாங்குறது எது, பக்கத்தில் கரண்டு கம்பி எங்கேன்னு ரெண்டையும் பார்த்தாகணும்.

இந்த வருஷம் கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டோம். பாக்ஸ் எல்லாம் தரையில் ஊன்றிய இரும்பு ஸ்டாண்டில்தான். தொங்கவிட்டே ஆகணும்னா வயர் ரோப்பும் சாக்கிளும். கம்பெனி குறிச்ச அறுபடும் எடை, பாக்ஸ் எடையைப் போலப் பத்து மடங்கு இருக்கணும். அது விட்டாலும் பிடிக்கத் தனியா ஒரு இரும்புச் சங்கிலி, அதுவும் வேற இடத்தில் மாட்டினது. சவுக்குக் கம்பில் எதுவும் தொங்கக் கூடாது. காத்து மழை வந்தா மறுபடி பார்க்கணும். கூழ் ஊத்துறதுக்கு முன்னாடி செட்டுக்காரரும் ஊர் ஆள் ஒருத்தரும் சேர்ந்து ஒவ்வொரு மாட்டலையும் தொட்டுப் பார்க்கணும். ஊர் ஆள் இந்தத் தடவை நான்தான்.

ஸ்டாண்டுக்கும் சங்கிலிக்கும் ஆகிற செலவை வரிப்பணத்தில் சேர்த்தாச்சு. உங்க ஊரிலும் பந்தல் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கயிறை ஒரு தரம் கையில் எடுத்துப் பாருங்க.