கடலோரத்திலிருந்து மலைக்கு



கல்வராயன் மலையின் மழைநீர் கோமுகியாய் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலைச் சேர்கிறது. அக்கரையிலேயே தெற்கே இருக்கிறது தரங்கம்பாடி. வணிகத்தின் பொருட்டு டேனியர் 1620இல் அங்கே கோட்டை எழுப்பினர்.

1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அவ்வாண்டே கோட்டைத் தளபதி அவரைச் சிறையிலடைத்தார்; நான்கு மாதங்கள். ஆயினும் 1715இல் அந்நூல் தமிழில் அச்சேறி முடிந்தது. 1719இல், 36 வயதில், அவர் நித்திரையடைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

1845இல் டேனியர் நகரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். வணிகம் ஓய்ந்தது, திருவசனமோ மலையடிவாரம்வரை வந்து சேர்ந்தது. சிறையிருப்பின் விலைகொடுத்துக் கிடைத்த அவ்வேதம் இவ்வாரம் நம் இல்லங்களில் எத்தனை நாள் திறக்கப்பட்டது?