புறப்பட விடுபவர்

வண்டியில் ஏறாத ஒருவர் இசைந்தாலன்றி வண்டி நகரலாகாது என்னும் விதி ஆகாயவிமானத்துக்கு முந்தியது. ஊவாத் தோட்டங்களில் பிறந்தோர் அதனைத் தம் புகையிரதப் பாதையிலேயே கண்டனர்.

1894-இல் பண்டாரவளையை அடைந்த பாதை 1924-இலேயே பதுளையை எட்டியது. ஒற்றைத் தண்டவாளம், எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஆகவே நிலையத்துக்கு நிலையம் 'டேப்லட்' என்னும் உலோக வில்லையே அனுமதியாயிற்று. இரு நிலையத்துப் பொறிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. அடுத்த நிலைய அதிபர் இசையாமல் வில்லை வெளிவராது. ஒன்று வெளியே இருக்க மற்றொன்றும் வராது. தெமோதரையில் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்கிறது. மூடுபனியில் வளைவுக்கு அப்பால் சாரதிக்கு ஒன்றும் தெரியாது. வில்லை கையில் இருப்பதே அவருக்குத் துணிவு.

ஆகாயத்தில் வில்லைக்கு இடமேது? 1935-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மூடுபனியும் எரிபொருட் குறைவும் சேர்ந்து ஒரு பயணிகள் விமானத்தை வீழ்த்தின. செனற்றர் பிரான்சன் கட்டிங் அதில் மாண்டார். அதன்பின் எழுந்த விசாரணைகளின் வழியே வந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டம், தரையிலிருந்து விமானத்தை அனுப்பும் 'டிஸ்பாச்சர்' என்பவரையும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டிய பணியாளராகக் கொண்டது. வானிலை, எரிபொருள், பாரம், மாற்று நிலையம் ஆகியவற்றை ஆராய்ந்து அவர் ஒப்பமிட வேண்டும். விமானத் தலைவரும் அவரும் ஒருமித்தாலே பறப்பு நிகழும்.

இன்றைய சர்வதேச விதிப்படி விண்ணப்பதாரிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பரீட்சையில் தேற வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாதத்துள் 90 வேலைநாட்கள் தேர்ந்தவரின் மேற்பார்வையில் பணிபுரிந்திருக்கவும் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையே முக்கியமானது என்பது என் கருத்து. படிப்பைத் தனியே படிக்கலாம். பிறர் மேசையருகே அமர, முதலில் உள்ளே விட வேண்டுமல்லவா?

அந்த வாயிலே தோட்டத்து மக்களுக்கு அடைபட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. புகையிரதமோ அரசாங்கத் துறை. அவர்கள் பறித்த தேயிலை அவ்வண்டியில் இறங்கிச் சென்றது. ஆனால் நாடற்றவர் மகன் நிலைய அதிபராகி வில்லையை எடுத்துக் கொடுப்பதற்கு வழியில்லை. கடவுச்சீட்டு இல்லாதவன் விமானத் தொழிலை எண்ணுவதெங்ஙனம்? 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974-இல் முடிவாயிற்று. காகிதத்திற் பங்கிட்டவை நிறைவேறப் பல்லாண்டுகள் சென்றன. 2003-இல் இயற்றிய சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கிற்று. பதுளைப் பாதைக்கு அப்போது வயது எழுபத்தொன்பது.