ஆடல் மறைந்தபின் நின்ற இசை

1963ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஒரு வாத்திய விருந்து நிகழ்ந்தது. இலண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவை நெறிப்படுத்திய பியேர் மொந்தோவுக்கு வயது 88. அவையில் வீற்றிருந்த இசையாசிரியர் ஸ்திராவின்ஸ்கிக்கு வயது 80. இசைக்கப்பெற்றது ‘வசந்தச் சடங்கு’. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே நாளில், அதே மொந்தோவே அதனைப் பாரிசில் முதன்முதல் இசைப்பித்தார். அன்று மேடையில் ஆடல் இருந்தது. இலண்டனில் அஃது இல்லை.

அவ்வாடலை அரங்கேற்றியது டியாகிலெவ் நிறுவிய ருஷ்ய பாலே குழு. 1909இற் பாரிசில் தோன்றிய அக்குழு, 1929இல் அவர் வெனிசில் இறந்ததும் கலைந்தது. டியாகிலெவ் ஆடுநரும் அல்லர். இசை வகுத்தவரும் அல்லர். எவரிடம் எதனைக் கேட்டுப் பெறலாம் என அறிந்திருந்ததே அவர்தம் கலை. ‘தீப்பறவை’ (1910), ‘பெத்ருஷ்கா’ (1911), ரவெலின் ‘தாப்னிசும் குளோயியும்’ (1912) என்பன அவர் கேட்டுப் பெற்றவை.

1913இன் முதலிரவில் அவையோரின் கூச்சல் வாத்திய ஒலியை விழுங்கிற்று. ஆடலமைத்த நிஜின்ஸ்கி, மேடையோரத்தில் நாற்காலிமேல் நின்று, ஆடுநருக்குத் தாள எண்ணிக்கையைக் கூவினார். இசை வெறுக்கப்பட்டது என்று பலர் எழுதுவர். அன்று அதனைச் செவ்வனே கேட்டோர் எத்துணைப் பேர் என்பதன்றோ வினா! 1914 ஏப்பிரலில், ஆடலின்றி, மொந்தோ அதனைப் பாரிசில் மீண்டும் இசைப்பித்தபோது, அவையோர் ஸ்திராவின்ஸ்கியைத் தோளிற் சுமந்து சென்றனர். நிஜின்ஸ்கியின் ஆடலோ பாரிசிலும் இலண்டனிலும் சில முறையே நிகழ்ந்து வழக்கொழிந்தது. 1987இல் அமெரிக்கக் குழுவொன்று ஓவியக் குறிப்புகளையும் முதியோர் நினைவுகளையும் கொண்டு அதனை மீட்க முயன்றது. மீட்டது எவ்வளவு, புனைந்தது எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடுண்டு. இசைக்கு அவ்வல்லல் இல்லை; ஒவ்வொரு கருவிக்குரிய சுரமும் தாளில் இருந்தது. ‘தீப்பறவை’யினின்று ஸ்திராவின்ஸ்கியே 1911, 1919, 1945 என மும்முறை கச்சேரிக்கோவை தொகுத்தார்.

மறுதலையாகவும் நிகழ்ந்ததுண்டு. ஆயிரத்தொரு இரவுக் கதைகளைத் தழுவி 1888இல் ரிம்ஸ்கி கோர்சகோவ் கச்சேரிக்கென்றே ஆக்கிய ‘ஷெகராசாத்’, அவர் மறைந்தபின் 1910இற் பாலே ஆயிற்று.

தாளில் இருந்தும் வாழாத இசையும் உண்டு. 1912இல் இக்குழு ‘நீலக் கடவுள்’ என்றொரு பாலேயை ஆடிற்று. தாமரைத் தடாகத்தினின்று தேவி எழுதலும், நீலமேனியனாய் நிஜின்ஸ்கி தோன்றலும் நம்மவர்க்கு எளிதிற் புலப்படுவன. பாக்ஸ்ட் தீட்டிய உடைகள் புகழ் பெற்றன. ரெய்னால்டோ ஹானின் இசையோ இந்தியாவைக் கேட்டறியாத செவியினின்று பிறந்த இனிய பிரெஞ்சிசை. குழுவின் புகழ்பாடும் கச்சேரிகளில் அதற்கு இடமில்லையென்றே சொல்லலாம்.

கிழக்கிலங்கையில் இக்கணக்கு மாறிவிடுகின்றது. மட்டக்களப்புக் கூத்தில் பாட்டு ஏட்டில் உண்டு; மெட்டும் மத்தளச் சொற்கட்டும் ஆட்டமும் அண்ணாவியாரிடமே உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, அண்ணாவியாரைக் கொண்டே மாணவரைப் பயிற்ற வேண்டியிருந்தது. அட்டாளைச்சேனை முதலான முஸ்லிம் ஊர்களுக்குரிய பொல்லடியிலோ இசையைத் தனியே பிரித்தெடுத்தல் இன்னும் அரிது. பொல்லொடு பொல் மோதும் ஒலியே அங்குத் தாளம். ஆடுவோர் கை நின்றால் அதுவும் நின்றுவிடும்.